எங்கள் வீட்டில் டீச்சரின் குரல்

என் அண்ணியிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. “அண்ணி, அந்தக் கத்தரிக்கோல்...” என்று ஆரம்பித்தால், “மெஷின் மேலதான் இருக்கு, கண்ணத் தொறந்து பாரு” என்று பதில் வந்துவிடும். “இன்னைக்கு டிப்போல ஒருத்தன்...” என்று பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அண்ணன் வாயெடுத்தால், “திரும்பவும் சண்டை போட்டீங்களா?” என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் எரிச்சல். தப்பாகச் சொன்னால் ஒரு பிடி பிடிக்கலாம். சரியாகச் சொல்கிறவளை என்ன செய்வது? கல்யாணமான புதிதில் அண்ணன் என்னிடம் வந்து புலம்பினான்: “பாதி சொன்னா மீதிய அவளே சொல்லிடறாம்மா. இந்த வீட்ல நான் எதுக்கு, ஆணியில சட்டை மாட்டவா?”

வயதில் அவள் என்னைவிடச் சிறியவள். முறைக்காக அண்ணி என்று கூப்பிடுகிறேன். சண்டைக்காக நீ, வா, போ என்கிறேன். புகுந்த வீடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, முகம் சுளிக்காமல் முன்னறையைக் காலி செய்து கொடுத்தவள் அவள்தான். அங்கேதான் மெஷின் போட்டுத் துணி தைக்கிறேன். அன்றும் நான் “கொஞ்ச நாளைக்கு இங்க...” என்று இழுத்தேன். “இருந்துக்கோ” என்று முடித்துவிட்டாள்.

இது அவளுக்குத் தொழில் கொடுத்த வியாதி. அண்ணி சட்டமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். எழுதிக் கொடுப்பது இல்லை, வாயால் சொல்வது. அவைக்குள் பேசுவது ஒரு மொழி. எங்கள் ஜனங்கள் பேசுவது வேறு மொழி. மண்டபத்தின் பின்பக்கம் உயரத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை உண்டு. அதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கீழே உறுப்பினர் பேசப் பேச, மூச்சு விடாமல் எங்கள் மொழியில் சொல்லிக்கொண்டே போகவேண்டும். அது ரேடியோவில் அப்படியே வரும். பேசுகிறவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் அடுத்த வாக்கியம் வந்து தலையில் விழும். அதனால் பழகியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பேச்சு எங்கே போய் நிற்கும் என்று மோப்பம் பிடித்து, அரை மூச்சு முன்னாலேயே அங்கே போய்விடுவார்கள். அண்ணிக்கு அந்தக் கண்ணாடிக் கூண்டில் நல்ல பெயர் இருந்ததே அதனால்தான்.

அந்தக் கூண்டுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. “அவர் சொல்கிறார்” என்றெல்லாம் சொல்லக்கூடாது. உறுப்பினர் “நான்” என்றால் இவளும் “நான்” என்றே சொல்லவேண்டும். பெண் உறுப்பினர் எழுந்தால் அண்ணி பேசுவாள், ஆண் எழுந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவார். அப்படித் தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை ஒரு பெண் அமைச்சர் பதவி விலகினார். “நான் என் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்” என்று அண்ணி ரேடியோவில் சொன்னதுதான் தாமதம், டிப்போவில் எல்லாரும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். “என்னய்யா, வீட்டுக்காரம்மா வேலைய விட்டுட்டாங்களாமே, உனக்குச் சொல்லலையா?” அண்ணன் வந்து அதை நடித்துக் காட்டினான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அந்தக் கூண்டிலிருந்து அண்ணி அதிகமாக “நான்” சொன்னது டீச்சருக்காகத்தான். டீச்சர் என்று எல்லாரும் கூப்பிட்ட அந்தப் பெண் உறுப்பினர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அந்தக் கட்சிக்கே அவர் கொஞ்சம் தேவையில்லாதவராகத்தான் இருந்தார். எங்கள் மொழியில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டை எங்கள் மொழியிலும் எழுது, கோர்ட்டில் எங்கள் ஆளை நிறுத்தினால் என்ன குற்றம் என்று அவனுக்குப் புரிகிற மொழியில் சொல் என்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் தெருவில் ரேடியோ வைத்திருந்த அத்தனை பேருக்கும் டீச்சரின் குரல் தெரியும். அது என் அண்ணியின் குரல். சொந்தக் குரலில் டீச்சர் பேசி எங்களில் யாரும் கேட்டதில்லை. எனக்குக்கூட டீச்சர் என்றால், கூண்டுக்குள் அண்ணி போடும் அந்தக் கொஞ்சம் தணிந்த, நிதானமான தொனிதான்.

சலவைக்கடை வைத்திருந்த ஓர் அம்மாவின் மகன் காணாமல் போன விஷயத்தையும் டீச்சர்தான் அவையில் எடுத்தார். காணாமல் போனான் என்பதே தப்பு. பட்டப்பகலில், கடையில் நின்று சட்டை தேய்த்துக்கொண்டிருந்தவனை, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லிப் போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். ஏதோ ஊர்வலத்தில் அவனைப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு, அப்படி யாரையும் நாங்கள் கூட்டிவரவே இல்லை என்று போலீஸ் தலைமையகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தம்மா கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தலைமையகத்தின் வாசலில் போய் நிற்பாள். உள்ளே விடமாட்டார்கள். சாயங்காலம் வரை நின்றுவிட்டுத் திரும்புவாள்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் டீச்சர் பேசினார். அதாவது, அண்ணி பேசினாள்.

“ஒருவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனால், எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டாருக்குச் சொல்லவேண்டும். இது கருணை இல்லை, சட்டம். இதே மண்டபத்தில் உட்கார்ந்து கைதூக்கி நாம் நிறைவேற்றிய சட்டம். கேட்பது அந்தத் தாயின் உரிமை. சொல்வது நம் வேலை. பொதுச்சேவை, பொதுச்சேவை என்று நாம் வாய் வலிக்கச் சொல்கிறோம். சேவை செய்கிறவர்தான் வாசலில் போய் நிற்கவேண்டும். இங்கே செய்யவேண்டியவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், பெறவேண்டியவர் வெயிலில் நிற்கிறார்.” அவையில் சத்தம் கிளம்பியது. அண்ணி சத்தத்தைத் தாண்டிக்கொண்டு போனாள். “அந்தத் தாய் திங்கட்கிழமை தோறும் அங்கே தனியாக நிற்கிறார். இன்றைக்கும் நீங்கள் யாரும் பதில் சொல்லாவிட்டால், வரும் திங்கட்கிழமையிலிருந்து நான் அவர் பக்கத்தில் நிற்பேன்.”

எங்கள் தெருவில் கைதட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் சோப்பு நுரையோடு பாதி முகம் மழித்தபடி வெளியே ஓடிவந்து, “கேட்டியாம்மா, கேட்டியா?” என்றார். நான் மெஷினை விட்டுவிட்டு அழுதேன். நான் அவ்வளவு சுலபமாக அழுகிற ஆள் இல்லை.

சாயங்காலம் அண்ணி வந்தாள். நான் வாய் ஓயாமல் பேசப் பேச, அவள் வாயைக் கொப்பளித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்த் திரும்பவும் கொப்பளித்தாள். தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் இறந்துபோனார். தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள். ரொம்ப நாளாகவே நெஞ்சுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும் எங்கள் தெருவில் யாரும் அதை நம்பவில்லை. பேசி ரெண்டு நாளில் செத்துப்போனால் யார்தான் நம்புவார்கள்? திங்கட்கிழமை அந்தம்மா வாசலில் நின்றாள். எங்கள் ஜனங்களில் கொஞ்சம் பேர் போய்க் கூட நின்றார்கள். அடுத்த திங்கட்கிழமை அதில் பாதி. அதற்கடுத்து அவள் மட்டும்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டை அது பிடித்தது. பேய் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் செத்துப்போன ஒருவரின் குரல் சமையலறையிலிருந்து “உப்பு தீர்ந்துபோச்சு” என்று சொன்னால் அதற்கு என்ன பெயர் வைப்பது? டீச்சர் போன பிறகு ரேடியோவில் அந்தக் கடைசிப் பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் அந்தக் குரல். முடிவெட்டும் கடையைத் தாண்டினால் அந்தக் குரல். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், உள்ளேயிருந்து அதே குரல் “யாரு, நீயா?” என்று கேட்கும். எனக்கே உடம்பு ஒரு தடவை தூக்கிப்போடும்.

தைக்கக் கொடுக்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு உள்பக்கம் காதை நீட்டுவார்கள். ஒரு பெண் கையிலிருந்த ஊசி டப்பாவைக் கீழே போட்டுவிட்டாள். ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து காந்தத்தை வைத்துப் பொறுக்கினோம். சிலர் வேலை முடிந்தும் கிளம்ப மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், அவள் ஏதாவது பேசமாட்டாளா என்று. அண்ணி பேசுவதைக் குறைத்தாள். கடைக்குப் போனால் விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வருவாள். கடைக்காரர் ஒருநாள் என்னிடம், “உங்க அண்ணிக்குப் பேச்சு வராதா? பாவம்” என்றார்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அவள் எங்கள் வாக்கியங்களை முடிப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. “அண்ணி, கத்தரிக்கோல் எங்க?” என்று ஒருநாள், அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கேட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து, “முடிஞ்சிருச்சா?” என்றாள்.

“என்ன முடிஞ்சிருச்சா?”

“நீ கேட்டது. அவ்ளோதானா, இன்னும் இருக்கா?”

அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து வெளியே போய்விட்டான். கூண்டிலும் அப்படித்தானாம். உறுப்பினர் முடித்துவிட்டு உட்கார்ந்த பிறகும் இவள் காத்திருக்கிறாளாம். ரேடியோவில் எங்கள் மொழியில் வெறும் இரைச்சல் போகிறதாம். பக்கத்து நாற்காலிக்காரர் தட்டி எழுப்பிவிடவேண்டியிருக்கிறதாம்.

அன்று மத்தியானம் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். “இன்னைக்கு நீ சொல்லாம விடமாட்டேன். உனக்கு என்ன ஆச்சு?”

“காதுல கேக்குது” என்றாள். “மைக்க அணைச்சா ஹெட்போன்ல ஸ்ஸ்னு ஒரு சத்தம் வரும். அது.”

“எப்ப கேக்குது?”

“நீ பேசி நிறுத்தறியே, அதுக்கப்புறம். யாரு பேசி நிறுத்துனாலும்.”

பிறகு சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் “வரும் திங்கட்கிழமையிலிருந்து நான்” என்று சொன்னார். அதோடு சபாநாயகர் மைக்கை அணைத்துவிட்டார். “நான்” என்பதற்குப் பிறகு ஹெட்போனில் எதுவும் வரவில்லை. ஆனால் அண்ணி அதற்கு முன்னாலேயே ஓடிப்போய் நின்றிருந்தாள். “அவர் பக்கத்தில் நிற்பேன்” என்று அவள் வாய் சொல்லிவிட்டது. டீச்சர் சொல்லவில்லை. அண்ணிதான் சொன்னாள்.

“அப்ப டீச்சர் என்னதான் சொன்னாங்க?”

“தெரியாது. கண்ணாடி வழியாப் பாத்தேன். மைக் போனப்புறமும் பேசிக்கிட்டேதான் இருந்தாங்க. ஒதடு அசையுது. சத்தம் வரல. கீழ தண்ணி குடுக்கறவரக் கேட்டேன், கூச்சல்ல ஒண்ணும் காதுல விழலன்னுட்டாரு. டீச்சருக்குப் பக்கத்து சீட்டு உறுப்பினர் என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறாரு. ‘நான் கமிட்டில புகார் குடுப்பேன்’னு சொல்லியிருக்கலாம். ‘நான் கோர்ட்டுக்குப் போவேன்’னு சொல்லியிருக்கலாம். எதுவா வேணா இருக்கலாம்.”

“கூண்டுல நீங்கல்லாம் தப்பா சொல்லிட்டா உடனே ‘திருத்தம்’னு சொல்லுவீங்களே, அத...”

“சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு.” கையைப் பிசைந்தாள். “நல்லாயிருந்துச்சு, அந்த வாக்கியம். அவங்க சொல்லியிருக்கணும்னு தோணுச்சு. விட்டுட்டேன்.”

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் அண்ணி பஸ்ஸுக்குப் போக வெளியே வந்தபோது, எங்கள் ஜனங்கள் டீச்சரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்களாம். கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம். “திங்கக்கெழமை வருவீங்கல்ல? வாக்கு மாறமாட்டீங்கல்ல?” என்று எங்கள் மொழியில் கேட்டார்களாம். ஒரு வார்த்தை புரியாத டீச்சர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாராம். கூட்டத்துக்கு இந்தப் பக்கம் அண்ணி நின்றிருந்தாள். அங்கே ரெண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கூண்டில் இருப்பவர்கள் வெளியே உறுப்பினர்களோடு பேசக்கூடாது என்பது அலுவலகக் கட்டுப்பாடு. பஸ் வந்தது, ஏறிவிட்டாள். திங்கட்கிழமை எப்படியாவது டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம்.

“என்ன சொன்னோம்னே தெரியாம செத்துப்போயிட்டாங்க” என்றாள் அண்ணி. “அவங்க பேர்ல நான் ஒரு வாக்கு குடுத்திருக்கேன், அது அவங்களுக்கே தெரியாது.”

நான் அப்போது சொன்னது ஒன்றுதான்: இதை வெளியே மூச்சு விடாதே. யாருக்கும் இதனால் நஷ்டமில்லை. அந்தம்மாவுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது. அது பொய் என்று சொல்லி நீ என்ன சாதிக்கப்போகிறாய்? அண்ணனும் அதையேதான் சொன்னான். அவன் பயம் வேறு. இது தெரிந்தால் அண்ணியை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். அண்ணி சரி என்று தலையாட்டினாள். ஆனால் காதில் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்தம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணியைத் தேடி இல்லை, என்னைத் தேடித்தான். சலவைக்கடை என்பது சும்மா பெயருக்கு இல்லை. அவள் மடித்துக் கொண்டுவந்த பேன்ட்டில் ஒரு சுருக்கம் கிடையாது.

“கால் மடிப்பப் பிரிச்சு நீளம் இறக்கிக் குடுக்கணும்மா” என்றாள்.

“யாருக்கு?”

“பையனுக்குத்தான். வளர்ற வயசுல கூட்டிட்டுப் போனாங்க. வர்றப்ப பத்தாமப் போயிடும்.”

நான் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அளக்க ஆள் இல்லை. “எவ்வளவு இறக்கறது?” என்று கேட்டேன். “துணி எவ்வளவு இருக்கோ அவ்வளவு” என்றாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அண்ணி, “யாரு வந்திருக்காங்க?” என்றாள்.

அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள், யார் என்று பார்த்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். பேப்பரில் வந்த படத்தில் பார்த்திருந்த முகம், நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தம்மா அவளுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

“ரேடியோல பேசறவங்கதானே நீங்க?” என்றாள். “இந்தத் தெருன்னு சொன்னாங்க. நெசமான்னு தெரியல.”

நான்தான் “ஆமாம்மா” என்றேன்.

“எனக்கு நீங்க ஒண்ணு செய்யணும்.” கண்ணைத் திறக்காமலே பேசினாள். “அவங்க எனக்கு வாக்குக் குடுத்ததாலதான் போயிட்டாங்க. ரெண்டே நாள்ல. நான் போய் அங்க நிக்காம இருந்திருந்தா அவங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. எம்புள்ளையத் தேடப் போய் ஒரு நல்ல மனுஷிய முழுங்கிட்டேன். நிக்கறப்பல்லாம் பக்கத்துல அவங்க நிக்கற மாதிரியே இருக்கு. திரும்பிப் பாக்கப் பயமா இருக்கு.” மூச்சு வாங்கியது. “மன்னிச்சுட்டேன்னு ஒரு தடவ சொல்லுங்க. அவங்க குரல்ல. கேட்டுட்டுப் போயிடறேன்.”

யாருக்கும் நஷ்டமில்லை என்று அண்ணியிடம் சொன்னவள் நான். அந்தம்மா தினமும் தன் தலையில் ஒரு சாவைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள், என் அண்ணி முந்திக்கொண்டு சொன்ன ஒரு வாக்கியத்தால்.

அண்ணி வாயைத் திறந்தாள். அந்தத் தணிந்த, நிதானமான தொனி வரப்போகிறது என்று நினைத்தேன். சொல்லித்தொலை, ரெண்டு வார்த்தைதானே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சட்டென்று திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தம்மா பேன்ட்டை மெஷின் மேல் வைத்துவிட்டு, “அடுத்த வாரம் வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கதவைத் தட்டோ தட்டென்று தட்டினேன். “ஊருக்கெல்லாம் நான், நான்னு பேசற! அந்தப் பொம்பளைக்கு ஒரு வார்த்த பேச வாய் வராதா உனக்கு?”

கதவைத் திறந்தாள். அழுதிருந்தாள். “இன்னொரு தடவையா?” என்றாள். “அவங்க சொல்லாதத அவங்க பேர்ல இன்னொரு தடவ சொல்லவா? முதல் தடவ சொன்னதுக்கே இவங்க இப்படி நிக்கறாங்க.”

அண்ணன் வந்ததும் நடந்ததைச் சொன்னோம். அவன் வெகுநேரம் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். “உண்மையச் சொன்னா வேலை போயிடும்” என்றான் கடைசியில். அவள் ஆமாம் என்றாள். அவனுக்கு இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அண்ணி எப்போதும்போல அலுவலகப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் இடதுபக்கம் திரும்பவேண்டியவள் வலதுபக்கம் திரும்பினாள். ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த நான், கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூட எடுக்காமல் பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை.

தலைமையகத்தின் வாசல் நான் நினைத்ததைவிடச் சாதாரணமாக இருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட். பக்கத்தில் காவலர் உட்காரும் தகரக் கூரை. எதிரே ஜெராக்ஸ் கடை. ஆட்கள் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு இடதுபக்கம், சுவர் நிழல் விழாத இடத்தில், அந்தம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை, காலடியில் ஒரு பை. அவளுக்கு வலதுபக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணி நேரே அவளுக்கு முன்னால் போய் நின்றாள். “என்னப் பாருங்கம்மா” என்றாள். “கண்ண மூடாதீங்க.”

அந்தம்மா பார்த்தாள்.

“டீச்சர் அன்னைக்கு அதச் சொல்லல. ‘நான்’னு ஆரம்பிச்சாங்க, மைக்க அணைச்சுட்டாங்க. மிச்சத்த நானா சொன்னேன். உங்க பக்கத்துல நிப்பேன்னு அவங்க சொல்லவே இல்லம்மா. அவங்களுக்கு நெஞ்சு வலி ரொம்ப நாளா இருந்துச்சு. உங்களுக்கு வாக்குக் குடுத்து அவங்க போகல. நீங்க யாரையும் முழுங்கல.”

இத்தனையும் அண்ணி அவளுடைய சொந்தக் குரலில் சொன்னாள். வேகமாக, கொஞ்சம் கீச்சென்று, வீட்டில் என்னோடு சண்டை போடும் குரல். அந்தம்மா அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். தகரக் கூரைக்கு அடியிலிருந்து காவலர் எங்களை எட்டிப் பார்த்தார். அந்தம்மா அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள், கையை ஓங்குவாள் என்றுகூட நினைத்து அண்ணியின் பக்கம் நகர்ந்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு வலதுபக்கம் இருந்த வெறும் இடத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்ப, பக்கத்துல நிப்பேன்னு சொன்னது டீச்சர் இல்ல” என்றாள்.

“இல்லம்மா.”

“நீ.”

“நான்தாம்மா.”

“அவங்க செத்துப்போயிட்டாங்க, வரல” என்றாள் அந்தம்மா. “நீ உசுரோடதானே இருந்தே? நீ ஏன் இத்தன நாளா வரல?”

அந்தம்மா குனிந்து, காலடியில் இருந்த பையை எடுத்து இடதுபக்கம் தள்ளி வைத்துக்கொண்டாள். வலதுபக்கத்தில் அண்ணி போய் நின்றாள்.